முதல் நூறு பக்கம் நகராதபோது: தொடர்வதா, தாவுவதா, மூடிவைப்பதா?

ஆயிரம் பக்க ஃபேண்டஸி நாவல். எழுபதாம் பக்கத்தில் இருக்கிறீர்கள். இதுவரை ஒரு விருந்து நடந்திருக்கிறது, மூன்று அரச வம்சங்களின் பெயர் வந்திருக்கிறது, குதிரையில் கிளம்பிய ஒருவர் இன்னும் போய்ச் சேரவில்லை. முன்பக்கத்து வரைபடத்தை நாலு தடவை புரட்டிப் பார்த்தாயிற்று. படித்து முடித்தவர்கள் ‘கொஞ்சம் பொறு, அப்புறம் கீழேயே வைக்க மாட்டாய்’ என்கிறார்கள். அந்த ‘அப்புறம்’ எந்தப் பக்கத்தில் வரும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில்.

இந்த இடத்தில் சிக்கிக்கொண்டவருக்கு வழிகள் நிறைய உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு தொடரலாம். தாவித் தாவிப் படிக்கலாம். ஆடியோபுக்காகக் கேட்கலாம். பக்கத்தில் விக்கியை, அதாவது வாசகர்களே எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தை, திறந்து வைத்துக்கொள்ளலாம். அதே எழுத்தாளரின் சின்னப் புத்தகம் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். மூடிவைத்துவிட்டு அடுத்த வருஷம் திரும்பி வரலாம். மொத்தமாக விட்டும் விடலாம். இவை எல்லாவற்றையும் ஏதாவது ஒரு புத்தகத்தில் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு நாவலைக் காப்பாற்றிக் கொடுத்த வழியே இன்னொரு நாவலைக் கெடுத்திருக்கிறது. ஏனென்றால் ‘ஆரம்பம் மந்தம்’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே சங்கதி இல்லை. எந்த வகை மந்தம் என்று முதலில் பார்த்துவிட்டால், வழியைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

மந்தத்தில் எத்தனை வகை

ஒன்று, வேண்டுமென்றே நிதானமாக நடப்பது. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) இதற்குப் பொருத்தமான உதாரணம். முதலில் ஹாபிட்டுகள் என்ற குள்ள இனத்தின் பழக்கவழக்கங்கள் பற்றி ஒரு முன்னுரை. பிறகு ஒரு பிறந்தநாள் விருந்து. பில்போ என்ற கிழவருக்கு 111 வயது, அவர் வாரிசான ஃப்ரோடோவுக்கு 33; இரண்டையும் கூட்டி 144 பேருக்குச் சிறப்புப் பந்தி. விருந்து முடிந்து ஃப்ரோடோ ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் கதைக்குள் 17 வருஷம் ஓடிவிடுகிறது. இதில் குழப்பம் ஒன்றும் இல்லை, எல்லாம் தெளிவாகவே புரிகிறது. ஆபத்து மட்டும் இன்னும் வாசலுக்கு வரவில்லை. ஆனால் அந்தச் சின்ன ஊரைக் காப்பாற்றத்தான் பின்னால் ஒருவன் அத்தனை பாடும் படப்போகிறான். அதன் தோட்டங்களும் சாப்பாட்டுப் பேச்சும் நம் மனதில் ஒட்டாவிட்டால், அவன் படும் பாடு வெறும் நடைப்பயணமாகத்தான் தெரியும்.

காப்பியம் படித்த நமக்கு இது பழகிய நடைதான். கம்பராமாயணத்தில் இராமன் பிறப்பதற்கு முன் ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம், அரசியற்படலம் என்று வரிசையாகக் கடந்து வர வேண்டும். மலை, கடல், நாடு, நகர், பருவம் ஆகியவற்றை வருணிப்பதைப் பெருங்காப்பியத்தின் இலக்கணத்திலேயே சேர்த்திருக்கிறது தண்டியலங்காரம். ஒரு வித்தியாசம் உண்டு. கம்பனைக் கேட்டவர்களுக்கு அந்த நகரத்தில் யார் பிறக்கப்போகிறார் என்று முன்பே தெரியும். சரயுவில் வெள்ளம் வரும்போதே அவர்கள் மனம் தொட்டிலைப் பார்க்க ஆரம்பித்திருக்கும். ஃபேண்டஸி நாவலில் ஆறும் புதிது, அரசனும் புதிது, அங்கே எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார்கள் என்பதும் புதிது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோர்வு நியாயமானதுதான். அதற்காக வாசகர் தன் பொறுமையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது வகையில் பனிமூட்டம். ஸ்டீவன் எரிக்ஸனின் மலாஸான் வரிசை, 1999-ல் வந்த ‘கார்டன்ஸ் ஆஃப் தி மூன்’ தொடங்கி 2011 வரை பத்து நாவல்கள், இப்படிப்பட்டது. இதன் ஆரம்பத்தை மந்தம் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அங்கே ஏராளமாக நடக்கிறது. முற்றுகை நடக்கிறது, மந்திரப் போர் நடக்கிறது, கடவுள்கள் தலையிடுகிறார்கள். யாருக்கு யார் எதிரி, அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்வதில்லை. வேகமான ரயிலில் ஜன்னலுக்கு வெளியே இருட்டாக இருந்தால் வண்டி நின்றுவிட்ட மாதிரித் தோன்றுமே, அந்த மாதிரி.

மூன்றாவது வகையில் கதை திரும்பத் திரும்ப ஆரம்பிக்கிறது. பிராண்டன் சாண்டர்சனின் ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ (2010) பல ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு காட்சியில் தொடங்குகிறது. அதில் கால் ஊன்றுவதற்குள் ஒரு அரசனைக் கொல்லும் காட்சிக்குப் போய்விடுகிறோம். அதற்கு அடுத்து ஒரு போர்க்களம், பயந்து நடுங்கும் ஒரு சிறுவனின் கண் வழியாக. ஒவ்வொரு காட்சியும் தனியாக விறுவிறுப்பானதுதான். ஆனாலும் மூன்று தடவை அறிமுகமாகி மூன்று தடவை விடைபெற்ற களைப்பு வந்துவிடும்.

நான்காவதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்: நன்றாக எழுதப்படாதது. உலகம் பெரிது, வரைபடம் அழகு, ஆனால் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்த சரித்திரத்தை நமக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதற்கு எந்த வழியும் மருந்தில்லை.

எந்த வகை என்று கண்டுபிடிக்க நான் செய்வது ஒன்றுதான். கடைசியாக முடித்த அத்தியாயத்தில் கண்ணை மூடி ஒரு பத்தியைத் தொட்டு, அதை மட்டும் சத்தமாக வாசித்துப் பார்ப்பேன். வாசிக்க நன்றாக இருக்கிறது, ஆள் கண்ணுக்குத் தெரிகிறார், ஆனால் கதை நகரவில்லை என்றால் அது நிதானம். வாக்கியம் நன்றாக இருக்கிறது, யார் என்ன என்று மட்டும் புரியவில்லை என்றால் பனிமூட்டம். வாசிக்கவே நாக்கு வரவில்லை, யார் பேசினாலும் ஒரே குரல் என்றால் நான்காவது வகை.

தொடர்ந்து படிப்பது

முதலில் செலவைக் கணக்குப் போடலாம். ஆங்கிலத்தில் மௌன வாசிப்பு வேகம் பற்றிய ஆய்வுகளை உளவியலாளர் மார்க் பிரிஸ்பார்ட் 2019-ல் தொகுத்துப் பார்த்தபோது, கதைகளுக்குச் சராசரி நிமிஷத்துக்கு சுமார் 260 சொல் என்று வந்தது. பக்கத்துக்கு 350, 400 சொல் என்று வைத்தால் நூறு பக்கம் இரண்டரை மணி நேரம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்கு, அதிலும் வாயில் நுழையாத பெயர்கள் வரிக்கு ஒன்று வரும்போது, மூன்று நாலு மணி நேரம்கூட ஆகலாம். அப்படியானாலும் ஒரு நீளமான சினிமா அளவுதான். அதைக் கொடுத்துப் பார்க்காமல் ஒரு நல்ல நாவலை விட்டுவிடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

தொடரச் சொல்பவர்களிலேயே கண்டிப்பானவர் இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ. அவருடைய ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’ (1980) ஃபேண்டஸி இல்லை, ஒரு மடாலயத்தில் நடக்கும் துப்பறியும் கதை. கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர்களும் பதிப்பாசிரியர்களும் முதல் நூறு பக்கத்தைச் சுருக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். மடாலயத்துக்குள் வந்து ஏழு நாள் தங்க விரும்புபவர் அதன் நடைவேகத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், முதல் நூறு பக்கம் அதற்கான தவம், அது முடியாதவர் மலையடிவாரத்திலேயே நின்றுகொள்ளட்டும் என்று அந்த நாவலைப் பற்றிய பின்குறிப்பில் எழுதினார். நிதானமாக நடக்கும் நாவல்களுக்கு இது முழு உண்மை என்று நம்புகிறேன். மூச்சுப் பயிற்சி மாதிரி, முதல் நூறு பக்கம் நம் மூச்சை நாவலின் மூச்சோடு சேர்த்துவிடுகிறது.

ஆனால் தொடர்வதிலும் இரண்டு விதம் இருக்கிறது. ‘எப்படியாவது இதைத் தாண்டிவிடலாம்’ என்று ஒரே மூச்சில் அறுபது பக்கம் அடித்துத் தள்ளுவது ஒரு விதம். நான் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ புத்தகத்தை இரண்டு தடவை அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் பழைய காட்டுக்குள் ஹாபிட்டுகள் வழி தவறும் இடத்தில் நானும் நின்றுவிட்டேன். மூன்றாவது தடவை வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்தேன். இரவுக்கு ஒரு அத்தியாயம், அதற்கு மேல் ஆசை வந்தாலும் இல்லை. முதல் பகுதியில் பன்னிரண்டு அத்தியாயம், அதாவது பன்னிரண்டு இரவு. ஒன்பதாவது இரவில் ப்ரீ என்ற ஊரின் விடுதிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே மூலையில் ஒருவன் முக்காடு போட்டுக்கொண்டு நீளமான புகைக்குழாயோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தான். அன்று ஒரு அத்தியாயத்தோடு நிறுத்த முடியவில்லை. அந்த மனிதன் யார் என்று எழுதும்போது டோல்கீனுக்கே தெரியாது. ஃப்ரோடோவுக்குத் தெரிந்த அளவுதான் தனக்கும் தெரிந்திருந்தது, அவனை அங்கே பார்த்தது அதிர்ச்சியாக இருந்தது என்று 1955-ல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் அதைப் படித்தபோது முதல் எட்டு அத்தியாயங்களின் மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது. எழுதியவரும் வழி தேடிக்கொண்டேதான் அந்த விடுதிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

எவ்வளவு தூரம் தொடர்வது? அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் கொடுங்கள், 50 வயதைத் தாண்டியவர் என்றால் நூறிலிருந்து உங்கள் வயதைக் கழித்து, வரும் பக்கம் போதும். முந்நூறு பக்க நாவலுக்கு இது அருமையான கணக்கு. ஆயிரம் பக்கத்துக்கு 50 பக்கம் என்பது இருபதில் ஒரு பங்கு, வாசற்படிதான். நான் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். அந்த எல்லையை ஆரம்பிக்கும்போதே குறித்துவிட வேண்டும், பாதியில் அலுத்த பிறகு முடிவு செய்யக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘முதல் மூன்று பாகம் தாண்டிவிடு, நாலாவதில் சூடு பிடிக்கும்’ என்று யாராவது சொன்னால் நான் கேட்பதில்லை. ராபர்ட் ஜோர்டானின் ‘தி வீல் ஆஃப் டைம்’ 14 பாகம், 40 லட்சம் சொற்களுக்கும் மேல். 1990-ல் தொடங்கியது, 2007-ல் ஜோர்டான் இறந்த பிறகு சாண்டர்சன் எழுதி 2013-ல் முடித்தார். இந்த அளவில் ‘பொறுத்துக்கொள்’ என்பது மாதக் கணக்கு, வருஷக் கணக்கு. முதல் புத்தகம் தன் அளவில் எதையாவது கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், கொடுத்த காசுக்காகவும் படித்த நேரத்துக்காகவும்தான் தொடர்கிறோம் என்று அர்த்தம். இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்தார்கள். சீசனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். 14 பாகத்தையும் பெட்டியோடு வாங்கி வைத்தவருக்கு முதல் பாகத்தைக் கீழே வைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பது இதில் தெரிகிறது. முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள், அல்லது நூலகத்தில் எடுங்கள்.

தாவித் தாவிப் படிப்பது

எனக்கு மிகவும் பயமான வழி இது. ஏன் என்பதற்கு அந்த விருந்து அத்தியாயத்திலிருந்தே ஒரு இடம். விருந்து முடிந்து பில்போ ஊரை விட்டுக் கிளம்புகிறார். தன்னிடம் இருக்கும் மாய மோதிரத்தை ஃப்ரோடோவுக்கு விட்டுப்போவதாகப் பேச்சு. எங்கே அது என்று அவருடைய நண்பர், மந்திரவாதி கேன்டால்ஃப் கேட்கிறார். உறையில் போட்டுக் கணப்பு அடுப்பின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பில்போ பார்த்தால், அது அவர் பையிலேயே இருக்கிறது. அப்புறம் வாக்குவாதம், கோபம், கத்தியில் கை. ஒருவழியாக விட்டுவிட்டுப் போக ஒப்புக்கொள்கிறார். சமாதானமாகி வாசலுக்கு நடக்கிறார். உறை இன்னும் பையில்! கேன்டால்ஃப் நினைவுபடுத்திய பிறகு வெளியே எடுத்து வைக்கப் போகும்போது கை வெட்டி இழுக்கிறது, உறை தரையில் விழுகிறது.

மொத்தம் சில பக்கம்தான். மோதிரம் என்ன செய்யும், அதை விடுவது எவ்வளவு கடினம், கடைசிவரை கதை எதைச் சுற்றி நிற்கப்போகிறது என்பதெல்லாம் ஒரு கிழவரின் சட்டைப்பையில் நடந்து முடிந்துவிடுகிறது. ‘விருந்துதானே’ என்று தாவுபவர் இதைத் தாண்டிப் போய்விடுவார். நிதானமான நாவல்களில் விதை எப்போதும் இப்படிச் சாதாரண இடத்தில்தான் விழுந்து கிடக்கும்.

சரி, எதையுமே தாவக் கூடாதா? தாவலாம். கதைக்கு வெளியே இருப்பதை முதல் வாசிப்பில் தாராளமாகத் தாவலாம்: இனங்களின் வரலாறு சொல்லும் முன்னுரை, வம்சாவளி, பின்னிணைப்பு. பாட்டுகள் உங்கள் விருப்பம். எனக்கு அவற்றைச் சத்தமாக வாசித்தால்தான் பிடிக்கிறது. காட்சிக்குள் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு வரியையும் விடாதீர்கள். நான்காவது வகை நாவலில் தாவுவது வேறு பிரச்சினை. அங்கே தாவ ஆரம்பித்தால் கை நிற்காது. அது நிற்காததே உங்களுக்குப் பதில்.

காதால் கேட்பது

நிதான வகைக்கு ஆடியோபுக் அருமையான துணை. நல்ல வாசிப்பாளர் கையில் புல்வெளி வருணனைகூடப் பாட்டி சொல்லும் கதையாகிவிடும். வேகத்தை அவர் பார்த்துக்கொள்வார். நாம் பாத்திரம் தேய்க்கலாம், நடக்கலாம். ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ ஆடியோபுக் 45 மணி நேரத்துக்கு மேல் ஓடும். தினம் ஒரு மணி நேரம் நடப்பவருக்கு ஒன்றரை மாதத் துணை.

பனிமூட்ட வகைக்கு இது கூடவே கூடாது. பெயர்களைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் பிடிப்பது கஷ்டம். டோல்கீனிடமே சவ்ரான் என்று ஒருவன், சாருமான் என்று ஒருவன். எழுத்தில் பார்த்தால் பிரித்துவிடலாம். நடந்துகொண்டே கேட்கும்போது ஒரு நிமிஷம் கவனம் சிதறினால் யார் எந்தக் கோபுரத்தில் இருக்கிறார் என்பதே மாறிவிடும். பின்னால் புரட்டிப் பார்ப்பதும் சுலபமில்லை. நான் கண்ட சமரசம்: முதல் இரண்டு மூன்று அத்தியாயத்தைக் கண்ணால் படித்துப் பெயர்களைப் பழகிக்கொண்டு, அப்புறம் காதுக்கு மாறுவது.

விக்கியும் சுருக்கமும்

மூடுபனியில் வழி தெரியாதவர் கை முதலில் போகும் இடம் தேடல் பெட்டி. ஒரு பாத்திரத்தின் பெயரை அடிக்க ஆரம்பித்ததுமே, முழுப் பெயரும் வருவதற்குள், கீழே ‘மரணம்’ என்ற சொல்லோடு ஒரு பரிந்துரை வந்து நிற்கும். அவர் எப்போது, யார் கையால் என்பது அடுத்த வரியில். எனக்கு ஒரு நாவலின் நடுப்பகுதி முழுவதும் இப்படி ஒரே நொடியில் போனது. விக்கியை எழுதுபவர்கள் மொத்தக் கதையும் தெரிந்தவர்கள். அவர்களுக்கு முதல் அத்தியாய வாசகர் மேல் கவனம் இருக்க வழியில்லை.

ஆகவே வெளியே தேடுவதற்கு முன் புத்தகத்துக்குள் பாருங்கள். ‘கார்டன்ஸ் ஆஃப் தி மூன்’ முன்பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல், பின்பக்கத்தில் சொல்லகராதி இரண்டும் இருக்கின்றன. இதைவிட நல்லது சொந்தக் கையால் எழுதுவது. கடைசி அட்டைக்குள் ஒரு சீட்டு வைத்துக்கொண்டு, பெயர், யாருடைய ஆள், என்ன வேண்டும் என்று ஒரு வரி. பத்துப் பெயருக்குள் மூட்டம் விலக ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் புரிந்துகொண்டுதான் அடுத்த பக்கம் போவேன் என்று அடம்பிடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. இந்த வகை நாவல்களை எழுதுபவர் நாம் குழம்புவோம் என்று தெரிந்தேதான் எழுதுகிறார்.

ஏற்கெனவே படித்த நண்பர் இருந்தால் விக்கியைவிட அவர் மேல். ஆனால் ‘நல்லா இருக்குமா?’ என்று கேட்காதீர்கள். ‘உனக்கு எந்த இடத்தில் பிடித்தது, அதற்கு முன் எதைப் பிடித்துக்கொண்டு வந்தாய்?’ என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதில், தொடர்வதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

வேறு வாசல்

சில உலகங்களுக்குச் சின்ன வாசல் ஒன்று தனியாக இருக்கும். டோல்கீனுக்கு 1937-ல் வந்த ‘தி ஹாபிட்’ அப்படி. சிறிய புத்தகம், உடனே கிளம்பிவிடும் கதை. அதைப் படித்துவிட்டு வந்தால் பெரிய நாவலின் விருந்தில் பில்போ அந்நியர் இல்லை, பழகிய ஆள். மூன்றாவது முயற்சி எனக்குக் கைகூடியதில் இதற்கும் பங்கு உண்டு.

சினிமாவை முதலில் பார்ப்பதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். 2001-ல் வந்த படம் தொடக்கத்திலேயே மோதிரத்தின் பழைய போரைக் காட்டிவிடுகிறது. நாவல் இரண்டாம் அத்தியாயத்துக்கும், அதற்கு வெகு பின்னால் வரும் ஆலோசனைக் கூட்டத்துக்கும் ஒதுக்கி வைத்த செய்தி அது. 17 வருஷ இடைவெளி படத்தில் தெரிவதே இல்லை. காட்டில் வரும் டாம் பாம்படில் படத்தில் இல்லவே இல்லை. அதாவது, ஆரம்பத்தை எப்படி வேகமாக்குவது என்ற கேள்விக்குப் படம் ஒரு பதிலைக் கொடுத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தால் கம்பனைக் கேட்டவரின் நிலைமை நமக்கும் வந்துவிடும்: என்ன வரப்போகிறது என்று தெரியும், ஆகவே ஆற்றைப் பார்க்கப் பொறுமை இருக்கும். இழப்பு, விடுதியின் மூலையில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று தெரியாத அந்தப் படபடப்பு. எனக்கு அது பெரிய இழப்பு. இன்னொருவருக்கு அப்படி இல்லாமல் போகலாம்.

மூடிவைப்பதும் விட்டுவிடுவதும்

விட்டுவிடுவது பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992-ல் வாசகரின் பத்து உரிமைகள் என்று பட்டியல் போட்டார். பக்கங்களைத் தாண்டும் உரிமை அதில் இரண்டாவது, முடிக்காமல் விடும் உரிமை மூன்றாவது. பத்தில் ஒரு பங்கு படித்தும் ஒரு ஆளின் மேலும் அக்கறை வரவில்லை, ஒரு வாக்கியமும் பிடிக்கவில்லை என்றால், அது யார் கொண்டாடும் நாவலாக இருந்தாலும் நான் விட்டுவிடுவேன். யாருக்காவது கொடுத்தும் விடுவேன். அலமாரியில் இருந்தால் மனதை அரித்துக்கொண்டே இருக்கும்.

மூடிவைப்பது வேறு. எழுத்து பிடித்திருக்கிறது, இப்போது என்னால் முடியவில்லை என்ற நிலைக்கு அதுதான் சரி. வேலை அழுத்தும் மாதத்தில், வீட்டில் உடம்பு சரியில்லாத நேரத்தில், புது உலகத்துப் பெயர்களை ஏற்றிக்கொள்ள மூளையில் இடம் இருக்காது. அதற்கு நாவலும் பொறுப்பில்லை, நாமும் பொறுப்பில்லை. ஆனால் வெறுமனே மூடிவைத்தால் ஆறு மாதம் கழித்து முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், அந்த அலுப்பிலேயே கை போகாது. மூடும் அன்றே ஐந்து நிமிஷம் ஒதுக்கி ஐந்து வரி எழுதிவிட வேண்டும். யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள், ஆளுக்கு என்ன வேண்டும், கடைசியாக என்ன நடந்தது. ஐந்தாவது வரி, எனக்கு என்ன தெரிய வேண்டும் என்ற கேள்வி. அந்தக் கேள்வி எழுதவே வரவில்லை என்றால் அது மூடிவைக்கும் புத்தகம் இல்லை, விட்டுவிடும் புத்தகம்.

என்னைக் கேட்டால், நிதான வகைக்கு இரவுக்கு ஒரு அத்தியாயம், இல்லையென்றால் காது. பனிமூட்டத்துக்குக் கண்ணும் சீட்டும், விக்கி வேண்டாம். பல தடவை ஆரம்பிக்கும் நாவலுக்கு ஒரு நீளமான விடுமுறை நாள், எல்லா ஆரம்பங்களையும் ஒரே அமர்வில் தாண்டிவிடும்படி. இந்த ஒரு வகைக்குத்தான் வேகமாகப் படிப்பது உதவுகிறது. கதைக்குள் தாவுவதை எதற்கும் சொல்ல மாட்டேன்.

என் அலமாரியில் இப்போது அப்படி ஒரு நாவல் 112-ஆம் பக்கத்தில் நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் மூடிவைத்தது. போன வாரம் தூசி தட்டும்போது சீட்டு கீழே விழுந்தது. முதல் நாலு வரியில் இருந்த பெயர்கள் ஒன்றும் நினைவில்லை. ஐந்தாவது வரி: ‘அந்தக் கிழவிக்கு அவன் குரல் தெரிந்தும் ஏன் கதவைத் திறக்கவில்லை?’ கதவும் மழையும் அவள் கையில் இருந்த விளக்கும் அப்படியே கண் முன்னால் வந்தன. புத்தகத்தை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து.